கேளுங்கள், சொல்கிறேன்: மெஸ்கீட் என்பது மரமா, மென்பொருளா?

சென்ற இதழில் குதிக்கும் சிலந்திகளைப் பற்றி எழுதும்போது, உயிரினங்களின் கொடிவழியை, அதாவது எது எதன் வழியில் வந்தது என்பதை, ஆராய்பவர்கள் 'மெஸ்கீட்' என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். மரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு பக்கம், மென்பொருளைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றா என்று குழம்பியவர்கள் நடுவில். சரி, இந்த முறை பகுதி முழுக்க மெஸ்கீட்தான்.

ஆராய்ச்சி மாணவி, மதுரை: என் வழிகாட்டி "டேட்டாவை மெஸ்கீட்டில் போட்டுப் பார்" என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் எங்கள் ஊர்க் கண்மாயில் நிற்கிற சீமைக் கருவேல மரத்தின் படம் வருகிறது. நான் தப்பாகத் தேடுகிறேனா?

தப்பே இல்லை. மெஸ்கீட் முதலில் மரம், அப்புறம்தான் மென்பொருள். மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழியில் 'மிஸ்கிட்ல்' என்று இருந்ததை ஸ்பானியர்கள் 'மெஸ்கிதே' என்று சொல்ல, அது ஆங்கிலத்துக்குப் போய் மெஸ்கீட் ஆனது. அது ஒரே ஒரு மரத்தின் பெயர் இல்லை. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு கூட்டத்துக்கே அதுதான் பொதுப்பெயர். டெக்சாஸ் பக்கம் தேன் மெஸ்கீட், அரிசோனா பக்கம் வெல்வெட் மெஸ்கீட், நெற்று திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும் இன்னொரு மெஸ்கீட் என்று பல உண்டு. உங்கள் கண்மாயில் நிற்பது அந்தக் கூட்டத்தின் ஜூலிஃப்ளோரா என்ற இனம். ஆகவே நீங்கள் தேடியதும் சரி, வந்த படமும் சரி.

இனி மென்பொருள். இதை எழுதியவர்கள் வேய்ன் மாடிசன், டேவிட் மாடிசன் என்ற சகோதரர்கள், கனடாவைச் சேர்ந்த இரட்டையர்கள். வேய்ன் குதிக்கும் சிலந்திகளை ஆராய்பவர், டேவிட் தரை வண்டுகளை. இரண்டு பேரும் பூச்சி பொறுக்கிய கையோடு கணினி நிரலும் எழுதக் கற்றவர்கள், அது எனக்கு எப்போதும் வியப்புதான். 1986லேயே மேக் கணினிக்காக 'மாக்கிளேட்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். திரையில் தெரியும் கொடிவழிப் படத்தின் ஒரு கிளையைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் வைத்தால் கணக்கு உடனே மாறிக் காட்டும், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். அப்புறம் 1990களில் இருவரும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, எந்தக் கணினியிலும் ஓடும்படி ஜாவா என்ற நிரல்மொழியில் புதிதாக எழுத ஆரம்பித்தார்கள், அதுதான் மெஸ்கீட். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது டூசான் நகரில், சொனோரா பாலைவனத்துக்கு நடுவே. தெருவோரம், வீட்டு முற்றம், காய்ந்த ஆற்றங்கரை எங்கே பார்த்தாலும் அங்கே வெல்வெட் மெஸ்கீட்தான். அவர்கள் தினமும் பார்த்த மரத்தின் பெயர்தான் இன்று உங்கள் திரையில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் உறவுமுறைப் படத்தை 'மரம்' என்கிறார்கள். நாம் முன்பே அதற்குக் கொடி என்று பெயர் வைத்துவிட்டோம்: கொடிவழி, தொப்புள்கொடி உறவு. பாடப்புத்தகத்தின் நீளமான கலைச்சொற்களைப் பார்த்துப் பயப்படும் மாணவர்களிடம் நான் இந்தச் சொல்லைத்தான் சொல்வேன். யார் யாருடைய வழியில் வந்தவர் என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கான கணக்கு.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: டிஎன்ஏ வரிசையைக் கொடுத்தால் மெஸ்கீட்டே மரத்தை வரைந்து தந்துவிடுமா? அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது?

நிறையச் செய்ய வேண்டியிருக்கிறது. மெஸ்கீட்டின் முக்கிய வேலை மரத்தைக் கண்டுபிடிப்பது இல்லை. அதற்கென்று வேறு மென்பொருள்கள் உண்டு. யாருக்கு யார் நெருக்கம் என்று ஒரு கொடிவழி கைக்கு வந்த பிறகு, "சரி, இந்தப் பண்பு இந்தக் கிளைகளில் எங்கே தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எங்கே தொலைந்தது?" என்று கேட்பதற்குத்தான் மெஸ்கீட்.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம், வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். நான்கு மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கருவேலம், வன்னி, சீமைக் கருவேலம், சூபாபுல். நான்கும் ஒரே பெரிய குடும்பம், தொட்டாச்சிணுங்கியின் உறவுக்காரர்கள். மெஸ்கீட்டில் ஓர் அட்டவணை திறக்கும். வரிசைக்கு ஒரு மரம், பத்திக்கு ஒரு பண்பு. முதல் பத்தியின் தலைப்பில் "முள்" என்று எழுதுகிறீர்கள். கருவேலம் உண்டு, வன்னி உண்டு, சீமைக் கருவேலம் உண்டு, சூபாபுல் இல்லை. கட்டளை கொடுத்தால் மரத்தின் கிளைகள் வண்ணத்தில் வரும். முள் இருக்கும் கிளை ஒரு நிறம், இல்லாத கிளை வேறு நிறம், முன்னோருக்கு எது இருந்திருக்கலாம் என்ற கணிப்பும் அதே படத்தில் இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் பத்தியே கோளாறு. ஏன் என்று தெரிய மென்பொருளை மூடிவிட்டு வெயிலில் போய் மரத்தைப் பார்க்க வேண்டும். கருவேலத்தின் முள் இலையடிச் செதிலில் இருந்து வந்தது, இலைக்காம்பின் இரண்டு பக்கமும் ஜோடியாக, வெள்ளையாக, நேராக நிற்கும். சீமைக் கருவேலத்தின் முள் இலைக்கோணத்தில் இருந்து கிளம்புகிறது, அது உருமாறிய கிளை. வன்னியின் முள்ளோ கணுவைப் பற்றிக் கவலையே படாது. இரண்டு கணுக்களுக்கு நடுவே, தண்டின் தோல் மேல், ரோஜா முள் மாதிரி அங்கங்கே புடைத்து நிற்கும். மூன்றையும் நாம் "முள்" என்கிறோம். காலில் குத்தினால் மூன்றும் ஒன்றுதான். ஆனால் ஒன்று இலையின் துணை உறுப்பு, ஒன்று கிளை, ஒன்று வெறும் தோல். பள்ளிக்கூடத்தில் படித்த அமைப்பொத்த உறுப்பு, செயலொத்த உறுப்பு ஞாபகம் வருகிறதா? இதுதான் அது, நம் வீட்டுக்குப் பின்னாலேயே.

அட்டவணையில் "முள்: உண்டு, இல்லை" என்று எழுதினால் ஒரு கதை வரும். "முள் எதிலிருந்து வந்தது: செதில், கிளை, தோல், இல்லை" என்று எழுதினால் வேறு கதை வரும். மெஸ்கீட் இரண்டையும் ஒரே சிரத்தையோடு கணக்குப் போட்டுத் தரும், எது சரியான கேள்வி என்று அது சொல்லாது, அதற்குத் தெரியவும் தெரியாது. நீங்கள் என்ன செய்வது என்று கேட்டீர்களே, இதைத்தான். ஒரு பண்பை எப்படிப் பிரித்து எழுதுவது என்று முடிவு செய்ய ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, கணினி போடும் கணக்கு சில நொடி வேலை. மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அட்டவணையை யாரோ ஒருவரின் கட்டுரையில் இருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கிளைகளின் நிறத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியை, விருத்தாசலம்: எங்கள் ஊர்க் கோயிலின் தலவிருட்சம் வன்னி. அதுவும் சீமைக் கருவேலமும் ஒரே இனம் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள், மனசுக்கு என்னவோ போல இருந்தது. உண்மையா?

அவர்கள் சொன்னது புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் பழைய புத்தகம். 2022 வரை வன்னி, மெஸ்கீட் எல்லாமே 'புரோசோபிஸ்' என்ற ஒரே பேரினத்துக்குள் இருந்தன. வன்னி புரோசோபிஸ் சினராரியா, சீமைக் கருவேலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. ஒரே பேரினம் என்றால் ஒரே வீட்டுப்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக இரண்டும் ஒரே இனம் ஆகிவிடாது. ராஜஸ்தானில் 'கேஜ்ரி' என்று கும்பிடுவதும் நம் வன்னியைத்தான். 1730இல் கேஜர்லி கிராமத்தில் மகாராஜாவின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பெண்மணியும் அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று உயிரைக் கொடுத்தார்கள், மொத்தம் 363 பேர் என்று அந்தச் சமூகம் நினைவுகூர்கிறது. அப்படிப்பட்ட மரத்தையும் கண்மாய்க்குள் புகுந்த மரத்தையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் உங்களுக்கு மனசு கேட்காததில் ஆச்சரியமில்லை.

மனசு கேட்காததைக் கடைசியில் மரபணுவும் சொல்லிவிட்டது. 1976இல் புர்கார்ட் என்ற அர்ஜென்டினா தாவரவியலாளர் புரோசோபிஸில் 44 இனங்கள் என்று வகுத்து வைத்திருந்தார். பிறகு 997 மரபணுக்களை ஒப்பிட்டுக் கொடிவழி வரைந்தபோது அந்த 44உம் ஒரே வழியில் வந்தவை அல்ல என்று தெளிவாகிவிட்டது. ஆப்பிரிக்க இனம் ஒன்று எங்கோ தனியாக நின்றது. வன்னியும் அதன் இரண்டு பழைய உலக உறவுகளும் ஒரு கிளை, அந்தக் கிளைக்கு மிக நெருங்கிய சொந்தம் இமயமலை அடிவாரத்தில் இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் வளரும் 'இந்தோபிப்டடீனியா' என்ற மரம். அமெரிக்க மெஸ்கீட்டுகள் வேறு கிளை, அதற்குள்ளே நமீபியாவின் ஒரு சின்னப் புதர்ச்செடி புகுந்து நிற்கிறது. அதனால் 2022இல் வீட்டைப் பிரித்துவிட்டார்கள். புரோசோபிஸ் என்ற பெயர் வன்னி உட்பட மூன்று இனங்களுக்கு மட்டும். சீமைக் கருவேலமும் பெரும்பாலான மெஸ்கீட்டுகளும் இனி 'நெல்டூமா'. திருகு நெற்று மெஸ்கீட்டும் அதன் கூட்டாளிகளும் 'ஸ்ட்ரோம்போகார்பா'. ஆப்பிரிக்க மரம் 'அனோனிக்கியம்'.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா, ஆசிரியை அவர்களே? புர்கார்ட் தன் 44 இனங்களை உள்ளுக்குள் பிரிவுகளாகப் பிரித்தபோது முள் எதிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பிரித்திருந்தார். மேலே திருநெல்வேலி மாணவருக்குச் சொன்னேனே, அதே தோல் முள், கிளை முள், செதில் முள். 46 வருஷம் கழித்து மரபணு கொடுத்த பிரிவும் அவருடைய பிரிவோடு பொருந்திப் போனது. கையில் லென்ஸ் வைத்துப் பார்த்தவர் முள்ளைச் சரியாகவே படித்திருக்கிறார், அந்த வேறுபாடு வீட்டைப் பிரிக்கும் அளவுக்குப் பெரியது என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

கருவேலத்தின் கதையும் இப்படித்தான். 'சீமைக் கருவேலம்' என்று நாம் பெயர் வைத்தபோது, இது வெளிநாட்டில் இருந்து வந்த கருவேலம் என்று நினைத்தோம், முள்ளைப் பார்த்து. கருவேலம் இந்த வீடுகள் எதிலும் இல்லை, அது 'வாச்செல்லியா'. உங்கள் வகுப்பில் இந்த மூன்று மரத்தின் கொப்பையும் மேசை மேல் வைத்து, எது எதற்குச் சொந்தம் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பெயரை வைத்து ஒரு பதில் வரும், பூவை வைத்து ஒரு பதில் வரும், முள்ளை வைத்து ஒரு பதில் வரும். சண்டை போடட்டும், நல்லது.

விவசாயி, கமுதி: இந்த மரத்தின் வேர் 50 மீட்டர் போகும் என்கிறார்கள், காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடும், அதனால்தான் மழை வருவதில்லை என்கிறார்கள். எவ்வளவு நிஜம்?

வேர் ஆழம் போவது நிஜம். டூசான் பக்கத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டும்போது தரையில் இருந்து சுமார் 53 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள மெஸ்கீட் வேரைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள், 1963இல் அது ஆய்விதழில் வந்தது. அது வெல்வெட் மெஸ்கீட், அதுவும் ஒரே ஓர் இடத்தில் கண்டது. எல்லா மரமும் எல்லா மண்ணிலும் அவ்வளவு ஆழம் போகும் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. பாறை இருந்தால் அங்கேயே நின்றுவிடும், மேலே ஈரம் இருந்தால் பக்கவாட்டில் பரவும்.

காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது, மழையைத் தடுப்பது இரண்டும் நிஜமில்லை. எந்த மரமும் இலை வழியாக நீரை வெளியே விடும், காற்று அதனால் வறண்டு போகாது. மழை வருவதும் வராததும் கடலும் பருவக்காற்றும் முடிவு செய்வது. மரத்தின் மேல் சொல்ல உண்மையான குற்றச்சாட்டுகளே போதுமான அளவு இருக்கின்றன, இல்லாததைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. வரத்துக்கால்வாயை அடைக்கிறது, கண்மாய்க்குள் காடாகி நிற்கிறது, அதன் அடியில் வேறு செடி தலையெடுக்க விடுவதில்லை, நிலத்தடி ஈரத்தை வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறது. இது போதாதா?

ஆனால் டூசானிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அந்த ஊருக்குத் தெற்கே சான் சேவியர் என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் அருகே சாந்தா குரூஸ் ஆற்றங்கரையில் பெரிய மெஸ்கீட் காடு ஒன்று இருந்தது, அடர்ந்த, உயர்ந்த, பறவைகள் நிறைந்த காடு. நகரம் வளர்ந்தது, வயல்களுக்கு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, நிலத்தடி நீரை இறைத்து இறைத்து மட்டம் வேர் எட்டாத ஆழத்துக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் காடு நின்றபடியே செத்துப்போனது. தண்ணீரைத் தேடிப் போவதில் உலகத்திலேயே பெயரெடுத்த மரம் மோட்டாரிடம் தோற்றது. உங்கள் ஊரில் கிணறு வற்றியதற்குக் காரணம் தேடும்போது மரத்தோடு சேர்த்து ஆழ்குழாயையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கதி, வேரைப் பற்றிப் பேசுவதால். மழை பெய்தவுடன் மேல்மண்ணின் ஈரத்தை இந்த வேர்கள் ஆழத்துக்குக் கடத்தும், வறட்சியில் ஆழத்து ஈரத்தை ராத்திரியில் மேலே கொண்டுவந்து விடும். அரிசோனாவில் வேருக்குள் நீரோட்டத்தை அளக்கும் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரை மேலேயும் கீழேயும் மாற்றி வைத்துக்கொள்ளும் மரத்தை வெறும் உறிஞ்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாசகர், சாயல்குடி: அது பிறந்த ஊரில் அதை எப்படிப் பார்க்கிறார்கள்? நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை? வெட்டலாமா? யார் கொண்டுவந்தது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஓர் ஆட்சிதான் கொண்டுவந்தது என்று திண்ணைப் பேச்சில் அடித்துச் சொல்வார்கள். விறகுக்காகப் பிறகு பரப்பியது உண்மை, ஆனால் மரம் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. மெட்ராஸ் ராஜதானி வனத்துறையில் இருந்த பெடோம் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்தார், 1877 வாக்கில் கடப்பா பக்கம் விதைத்தார்கள். வறண்ட சீமைக்கு விறகு வேண்டும், அதுதான் நோக்கம். அந்த நோக்கத்தை மரம் நிறைவேற்றியது, அளவுக்கு மேலே நிறைவேற்றியது.

மெஸ்கீட் கூட்டம் பிறந்த ஊரில் அது சோறு. டூசானைச் சுற்றியுள்ள டொஹோனோ ஓதாம் மக்கள், பெயருக்கே பாலைவன மக்கள் என்றுதான் பொருள், கோடையில் மெஸ்கீட் நெற்றைப் பொறுக்கிக் காயவைத்து இடித்து மாவாக்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். விதையைச் சுற்றி இருக்கும் சதைப்பற்றுதான் மாவு, வெல்லம் போட்ட மாதிரி இனிக்கும். தேனீக்கு மலர், அடுப்புக்குக் கரி. ஆளுயரத்தை விட ஏழெட்டு மடங்கு வளரும் அந்த ஊர் ராட்சதக் கள்ளி, சவாரோ, முளைத்த புதிதில் வெயிலும் பனியும் தாங்காது, மெஸ்கீட் மாதிரி ஒரு மரத்தின் நிழலில்தான் தப்பிப் பிழைக்கும். ஆங்கிலத்தில் அந்த நிழல் மரத்துக்கு என்ன பெயரோ இருக்கட்டும், நம் மொழியில் அதைச் செவிலி என்றே சொல்லலாம்.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. டெக்சாஸில் மாடு வளர்ப்பவர்களைக் கேட்டால் நம் ஊர்க்காரர்களைப் போலத்தான் திட்டுவார்கள். நெற்றை மாடு தின்னும், கடினத் தோல் உள்ள விதை வயிற்றில் சாகாமல் சாணத்தோடு வெளியே வரும், அந்த எருவிலேயே முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் மந்தைகள் பெருகப் பெருக மெஸ்கீட் புல்வெளிக்குள் ஏறியது. இதற்கு ஒரு சுவையான விளக்கம் உண்டு. 1982இல் ஜான்சென், மார்ட்டின் என்ற இரண்டு அறிஞர்கள், அமெரிக்கக் கண்டத்தின் இனிப்பான பெரிய நெற்றுகளும் பழங்களும் இப்போது இருக்கும் விலங்குகளுக்காக உருவானவை இல்லை, பனியுகம் முடியும்போது அழிந்துபோன யானை வகைகள், ராட்சத விலங்குகள் ஆகியவற்றின் வாய்க்காக உருவானவை என்று எழுதினார்கள். அந்த விலங்குகள் போய்ப் பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, காலியாக இருந்த அந்த இடத்தில் மாடும் ஆடும் வந்து நின்றன. கொடிவழிக்காரர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள், இன்றைக்கு ஓர் உறுப்பு ஏன் இப்படி இருக்கிறது என்றால் அதன் பழைய வேலை என்ன என்று தேடுவார்கள்.

நமக்கு ஏன் அதிகத் தொல்லை? பிறந்த ஊரில் அதன் விதையைத் துளைக்கும் சின்ன வண்டுகள் இருக்கின்றன, நம் வீட்டுப் பயறு டப்பாவில் ஓட்டை போடுகிற வண்டின் சொந்தக்கார வண்டுகள். அவை ஒவ்வொரு வருஷமும் ஏராளமான விதையை அழித்துவிடும். விதை மட்டும் கப்பலேறி இங்கே வந்தது, வண்டு வரவில்லை. தென்னாப்பிரிக்கா இதே தொல்லைக்கு 1987இல் அந்த வண்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டது, ஆனால் வண்டு துளைப்பதற்கு முன்னால் ஆடு மாடு நெற்றைத் தின்றுவிட்டால் அதுவும் பயனில்லை. அங்கிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் இதுதான்: விதை பரவும் வழி நம் மந்தைதான்.

வெட்டலாமா என்று நேரடியாகவே கேட்டிருக்கிறீர்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின, அதே வருஷம் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது, அப்புறம் 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. என் பதில்: கண்மாய், ஓடை, வரத்துக்கால், காப்புக்காடு, இங்கெல்லாம் எடுக்க வேண்டும், தூரோடு எடுக்க வேண்டும். மேலோடு வெட்டினால் தூரில் இருந்து பத்துக் கிளையாக வரும், அடுத்த வருஷம் நுழையவே முடியாது. எடுத்த இடத்தில் உடனே வேறு மரம் நட ஆள் வேண்டும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அது இல்லாத ஊரில் வெறுமனே இயந்திரம் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன், இரண்டு மழைக்குள் பழையபடி ஆகிவிட்டது.

கூடவே கரிமூட்டக்காரர்களை மறக்கக் கூடாது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த முள்ளில்தான் சோறு. நான் ஒரு மூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்திருக்கிறேன். விறகை அடுக்கி, மேலே செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடி, தீ வைத்த பிறகு அந்த அம்மா தூங்கவே இல்லை. எங்காவது மண் விரிசல் விட்டால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும் என்று, புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து எழுந்து போய் மண் அப்பிக்கொண்டே இருந்தார். கொள்கை எழுதுபவர்கள் அவருக்கு மாற்று வேலை என்ன என்று ஒரு பத்தியாவது எழுத வேண்டும்.

வாசகி, கோவில்பட்டி: ஜூலிஃப்ளோரா என்றால் ஜூலை மாதம் பூப்பது என்று பொருளா?

இல்லை. லத்தீனில் 'யூலஸ்' என்றால் தொங்கும் பூங்கதிர். மஞ்சளாக, பூனை வால் மாதிரி தொங்குகிற அந்தக் கதிரைப் பார்த்து 1788இல் சுவார்ட்ஸ் வைத்த பெயர்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், சென்னை: என்னிடம் 1990களில் மாக்கிளேட்டில் செய்த கோப்புகள் இருக்கின்றன. பழைய மேக் போய்விட்டது. அவற்றைத் திறக்க வழி உண்டா?

உண்டு ஐயா. மாக்கிளேட் சேமித்தது 'நெக்சஸ்' என்ற வடிவத்தில். அது வெறும் எழுத்துக் கோப்புதான், எந்த எழுத்துச் செயலியிலும் திறந்து கண்ணாலேயே படிக்கலாம், இனங்களின் பெயர் ஓர் இடத்தில், அட்டவணை ஓர் இடத்தில், மரங்கள் அடைப்புக்குறிகளாக ஓர் இடத்தில். மாடிசன் சகோதரர்களும் ஸ்வாஃபர்டும் சேர்ந்து 1997இல் அந்த வடிவத்தை முறையாக வெளியிட்டார்கள், இன்றைக்கும் பல மென்பொருள்கள் அதைப் படிக்கும். மெஸ்கீட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் ஓடும். கோப்பின் பெயருக்கு முடிவில் '.nex' (நெக்ஸ்) என்ற பின்னொட்டைச் சேர்த்து அதில் திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு வரியில் முரண்டு பிடித்தால் அந்த வரியை எழுத்துச் செயலியில் திருத்திவிட்டு மறுபடி திறக்கலாம். அந்த அட்டவணைகளைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அன்று கையால் பார்த்து நிரப்பிய ஒவ்வொரு கட்டமும் இன்றும் பயன்படும்.

பள்ளி மாணவன், பரமக்குடி: எங்கள் தெருவில் ஒரு மரத்தை அப்பா வன்னி என்கிறார், பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்காத்தான் என்கிறார். யார் சொல்வது சரி?

நீயே கண்டுபிடிக்கலாம் தம்பி. செருப்பு போட்டுக்கொண்டு போ, கைக்கு எட்டும் ஓர் இளங்கொப்பைப் பிடித்துக்கொள். முதலில் ஓர் இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடத்தைப் பார். காம்புக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள அந்த மூலையில் இருந்து முள் கிளம்பினால் வேலிக்காத்தான், சீமைக் கருவேலத்துக்கு அதுவும் ஒரு பெயர். காம்புக்கு இரண்டு பக்கமும் அடியில் வெள்ளையாக ஒரு ஜோடி இருந்தால் அது கருவேலம், அப்பாவும் தாத்தாவும் இரண்டு பேருமே தப்பு. மூலையில் ஒன்றும் இல்லாமல், ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் தண்டின் மேல் சின்னக் கூம்பு மாதிரி அங்கங்கே தட்டுப்பட்டால் அப்பா சொன்னதுதான், வன்னி. ஐந்தாறு கொப்பிலாவது பார், ஒன்றிரண்டில் முள் உதிர்ந்திருக்கும். பார்த்துவிட்டு ஒரு கடிதம் போடு.